கவனிக்கப்படாத கிட்டார் சோலோக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோட்டுப் பக்கம் கிட்டார் சொல்லித் தருகிறேன். நோம்பி (கோயில் திருவிழா), முகூர்த்தம் என்று வந்தால் ஆர்கெஸ்ட்ராவில் வாசிக்கவும் போவேன். வகுப்புக்கு வரும் பிள்ளைகள், அவர்களை வண்டியில் கொண்டுவந்து விடும் அப்பாக்கள், கச்சேரி முடிந்து வயர் சுற்றும்போது மேடைக்குப் பின்னால் வந்து நிற்கும் ரசிகர்கள் என்று எல்லாரும் சுற்றிச் சுற்றி இந்தக் கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதி வைத்திருக்கிறேன்.

"கவனிக்கப்படாத" என்று யாரைச் சொல்கிறீர்கள்? அதற்கு என்ன அளவுகோல்?

என் அளவுகோல் ரொம்ப எளிது. சோலோ என்பது பாட்டில் ஒரு வாத்தியம் முன்னால் வந்து தனியாக வாசிக்கும் இடம்; நாங்கள் "பிட்" என்றும் சொல்வோம். அந்த பிட்டை ஊரே வாயில் முணுமுணுக்கும். வாசித்தவர் பெயரைக் கேட்டால் யாருக்கும் தெரியாது. அதுதான் முதல் வகை. இரண்டாவது வகை, பெயர் தெரிந்தும் வேறு காரணத்துக்காகத் தெரிந்தவர்கள். பாடகர் என்று பெயர் வாங்கியதால் அவர் கையிலிருந்த கிட்டாரை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

இரண்டுக்கும் பொதுவாக ஒன்று உண்டு. பாட்டுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் வாசித்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் சோலோதான் பெரும்பாலும் கண்ணில் படாமல் போகிறது. துருத்திக்கொண்டு நிற்கும் சோலோவுக்குக் கைதட்டல் கிடைக்கும். பாட்டோடு கரைந்துபோகிற சோலோவுக்குப் பாட்டின் புகழ்தான் கிடைக்கும், அதுவும் பாடியவர் பெயரில். கீழே வரும் பெயர்களில் பெரும்பாலானோர் இப்படிக் கரைந்துபோன ஆட்கள்.

அப்படியானால் "ஹோட்டல் கலிஃபோர்னியா"?

அருமையான சோலோ. டான் ஃபெல்டரும் ஜோ வால்ஷும் மாறி மாறி, பிறகு சேர்ந்து வாசித்தது. அதைக் கவனிக்காதவர் யாரும் இல்லை என்பதால் இந்தப் பக்கத்தில் அதற்கு வேலை இல்லை.

நம் சினிமாப் பாட்டில் கிட்டார் வாசித்தவர் பெயர் ஏன் வெளியே வருவதே இல்லை?

வர வழியே வைக்கவில்லை. இலங்கை வானொலியோ கோவை வானொலியோ, பாட்டுக்கு முன்னால் என்ன சொல்வார்கள்? படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர். அதோடு சரி. கேசட் அட்டையிலும் அதே நான்கு பெயர்கள். டீக்கடையில் அந்த அட்டையை வெற்றிலை வாங்கின கையோடு திருப்பித் திருப்பிப் பார்த்த தலைமுறை என்னுடையது. அதில் "லீட் கிட்டார்", அதாவது சோலோ வாசித்தவர், என்ற ஒரு வரியைப் பார்த்த ஞாபகமே இல்லை.

திரையில் வாத்தியக்காரர்களைக் காட்டுவதும் அபூர்வம். 1964-ல் வந்த "சர்வர் சுந்தரம்" படத்தில் "அவளுக்கென்ன அழகிய முகம்" பாட்டு ஒலிப்பதிவுக் கூடத்திலேயே நடக்கும். எம்.எஸ்.விஸ்வநாதன் நின்று குழுவை நடத்துவார். பாட்டு எப்படிப் பிறக்கிறது என்று சாதாரண ரசிகனுக்குக் காட்டிய காட்சி அது. அதைத் தவிர்த்தால், திரையில் கிட்டாரைக் கதாநாயகன் பிடித்திருப்பார், அதுவும் பல நேரம் பாட்டுக்குச் சம்பந்தமில்லாத கார்டில், அதாவது ஸ்வரக் கூட்டில்.

ஏ.ஆர்.ரஹ்மான் வந்தபிறகு குறுந்தகடு உறைகளில் வாத்தியம் வாத்தியமாகப் பெயர் போடும் வழக்கம் வேர் பிடித்தது. அதனால்தான் இன்றைக்கு முப்பது, நாற்பது வயதிலிருக்கும் ரசிகர்களுக்குச் சில கிட்டாரிஸ்ட் பெயர்களாவது தெரிகிறது. அப்புறம் குறுந்தகடே போய்விட்டது. செயலியில் பாட்டு ஓடும்போது படத்தின் போஸ்டர்தான் தெரிகிறது. பழையபடி நான்கு பெயர்.

"இளைய நிலா" பாட்டில் கிட்டார் வாசித்தது இளையராஜாவேதானா?

வகுப்பில் அதிகம் வரும் கேள்வி இது. வாசித்தவர் ஆர்.சந்திரசேகர். ராஜாவின் குழுவில் டிரம்ஸ் வாசித்த புருஷோத்தமனின் சகோதரர். 1982-ல் வந்த "பயணங்கள் முடிவதில்லை" படத்தின் பாட்டு. வைரமுத்து எழுதி எஸ்.பி.பாலசுப்ரமணியம் பாடியது. திரையில் மோகனைப் பார்க்கிறோம், காதில் எஸ்.பி.பி.யைக் கேட்கிறோம், எழுத்தில் ராஜாவைப் படிக்கிறோம். முதல் நொடியிலிருந்து பாட்டைத் தூக்கிக்கொண்டு போகும் விரல்களுக்கு ஒரு பெயர் உண்டு என்று தோன்றுவதற்குள் பல்லவி வந்துவிடுகிறது.

அந்தத் தொடக்கத்தை ஒரு தடவை இயர்போன் போட்டுக் கேளுங்கள். கார்டைச் சேர்த்து அடிக்காமல், ஒவ்வொரு கம்பியாகப் பிரித்து விரலால் மீட்டுகிறார். வலது கைக் கட்டைவிரல் அடிக்கம்பிகளைப் பார்த்துக்கொள்ள, மற்ற விரல்கள் மேல் கம்பிகளில் ஓடிக்கொண்டே இருக்கும். கேட்க மெதுவான பாட்டு மாதிரி இருக்கும். கையில் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு தட்டுக்குள்ளும் அத்தனை ஸ்வரம் அடைத்திருப்பது தெரியும். நடுவில் எங்கேயும் மூச்சு வாங்குவதில்லை. ஒரு ஸ்வரம் சற்றே பெரிதாக விழுந்தால்கூட நிலா வெளிச்சம் கலைந்துவிடும். அத்தனையும் ஒரே கனத்தில் விழுகிறது. என் மாணவர்களில் ஆறு மாதத்தில் ஸ்வரங்களைப் பிடித்துவிட்டவர்கள் உண்டு. அந்த ஒரே கனம் வருவதற்குத்தான் வருடங்கள் ஆகின்றன.

இன்னொரு விஷயம். இந்த மெட்டு அடுத்த வருடமே "கலாகார்" என்ற இந்திப் படத்தில் கல்யாண்ஜி ஆனந்த்ஜி இசையில், கிஷோர் குமார் குரலில் "நீலே நீலே அம்பர் பர்" என்று போனது. வடக்கே கிட்டார் பழகும் பையன்கள் முதலில் வாசித்துக் காட்டும் பாட்டுகளில் அது ஒன்று. கோவையில் பொறியியல் படிக்கும் வட மாநிலப் பிள்ளைகள் என்னிடம் வந்து அதைக் கேட்கும்போது மூலப் பாட்டைப் போட்டுக் காட்டுவேன். ஒரு நிமிடம் பேச்சு வராது.

ராஜா வாசிக்கவில்லை என்பதால் அவர் கிட்டார் தெரியாதவர் என்று ஆகிவிடாது. தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தவர், 1976-ல் "அன்னக்கிளி" வருவதற்கு முன்னால் மற்ற இசையமைப்பாளர்களிடம் கிட்டார் வாசித்துச் சம்பாதித்தவர். கிட்டார்க்காரரின் கை எங்கே போகும், எங்கே போகாது என்று தெரிந்த ஒருவர் எழுதிய பகுதிகள் அவை. "மூடுபனி" படத்தின் "என் இனிய பொன் நிலாவே" பாட்டைக் கேட்டால் அது புரியும். கிட்டாரை எடுத்துவிட்டால் அந்தப் பாட்டு நிற்காது. அவருடைய குழுவில் நெடுங்காலம் வாசித்த சதானந்தம் பெயரையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். "சதா மாஸ்டர்" என்றால் வாத்தியக்காரர்கள் காதைத் தொட்டுக்கொள்வார்கள்.

பேஸ் கிட்டாரில் ஏது சோலோ? அது அடியில் "தும் தும்" என்று போவதுதானே?

மற்ற ஊர்களில் அப்படி இருக்கலாம். எண்பதுகளின் ராஜா பாட்டுகளில் பேஸ் என்பது பாடகருக்குக் கீழே ஓடும் இன்னொரு பாட்டு. அதை அதிகம் வாசித்தவர் சசிதரன். பாடகர் ஒரு வார்த்தையை இழுத்து நிற்கும்போது பேஸ் நகரும்; பாடகர் நகரும்போது அது நின்று காத்திருக்கும். டவுன் பஸ்ஸில் பின் இருக்கையில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு இது தெரிந்திருக்கும், ஸ்பீக்கர் தலைக்கு மேலேயே இருக்கும் என்பதால்.

ரஹ்மான் பக்கம் கீத் பீட்டர்ஸ். இவருடைய பேஸ் ஒன்றிரண்டு ஸ்வரத்தை வைத்துக்கொண்டே பாட்டை நடக்க வைக்கும். சோலோ என்று தனியாக எதுவும் வராது, வேண்டியதும் இல்லை.

கொங்கு நாட்டுக்கும் இந்தக் கதைக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

உண்டு. சென்னைக்குப் போவதற்கு முன்னால் தமிழ் சினிமாவின் ஒரு பகுதி கோவையில்தான் நடந்தது. சென்ட்ரல் ஸ்டூடியோ, பட்சிராஜா ஸ்டூடியோ இரண்டும் இங்கேதான். சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ். எம்.எஸ்.விஸ்வநாதன் சின்னப் பையனாக எடுபிடி வேலையிலிருந்து தொடங்கி, எஸ்.எம்.சுப்பையா நாயுடுவிடம் தொழில் பழகியது கோவையில், ஜூபிடர் பிக்சர்ஸ் இங்கே படம் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில். பிறகு கிட்டார், பாங்கோ, அக்கார்டியன் என்று மேற்கத்திய வாத்தியங்களைத் தமிழ்ப் பாட்டுக்குள் தாராளமாகக் கொண்டுவந்தவர் அவர்.

1964-ல் வந்த "காதலிக்க நேரமில்லை" படத்தின் பெரிய பகுதி பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் ஆழியாறில் எடுக்கப்பட்டது. "விஸ்வநாதன் வேலை வேண்டும்" பாட்டின் துள்ளலை இன்றைக்கும் மேடையில் எடுத்தால் அறுபது வயதுக்காரர்கள் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார்கள். பொள்ளாச்சி பக்கம் வாசிக்கப் போனால் அது இல்லாமல் கச்சேரி முடியாது. "எங்கூர்ல எடுத்த படமுங்க" என்று சீட்டு வந்துவிடும்.

ரஹ்மான் காலத்திலிருந்து யாரையெல்லாம் கேட்க வேண்டும்?

ஜான் ஆண்டனி என்ற பெயரிலிருந்து தொடங்குங்கள். ரஹ்மான் இசையமைப்பாளர் ஆவதற்கு முன்னால், சிவமணியோடு சேர்ந்து வாசித்த "ரூட்ஸ்" குழுவில் கிட்டார் இவர். அதற்குப் பிறகு சஞ்சீவ் தாமஸ். அப்புறம் கெபா ஜெரமையா. ரஹ்மான், அனிருத் என்று பல இசையமைப்பாளர்களின் பாட்டில் இவர் கை இருக்கிறது. கடந்த பத்துப் பதினைந்து வருடத்தில் நீங்கள் ரசித்த தமிழ்க் கிட்டார் பிட் ஒன்றைச் சொன்னால், அதை இவர் வாசித்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனாலும் கல்லூரி விழாவில் பையன்கள் பிட்டைக் கேட்டுத்தான் கத்துகிறார்கள்; பெயரைச் சொல்லிக் கத்தியதை நான் கேட்டதில்லை.

2011-ல் வந்த "ராக்ஸ்டார்" இந்திப் படத்தின் "சட்டா ஹக்" பாட்டில் வரும் ஆவேசமான கிட்டாரை வாசித்தது ஒரியாந்தி என்ற ஆஸ்திரேலியப் பெண். திரையில் ரன்பீர் கபூர் வாசிப்பதை நம்பி, "அவர் நிஜமாகவே வாசிப்பாராமே" என்று சொல்லும் பையன்களிடம் இதைச் சொன்னால் முகம் சுருங்கிவிடுகிறது.

இந்தியில் ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள்.

பூபிந்தர் சிங். கஜல் பாடகர் என்றுதான் உலகம் அறியும். 1973-ல் வந்த "யாதோன் கி பாராத்" படத்தின் "சுரா லியா" பாட்டில் பன்னிரண்டு கம்பி கிட்டாரை மீட்டியவர் அவர்தான். கண்ணாடித் தம்ளர் ஓசைக்குப் பின்னால் வருகிறதே, அது.

ஆங்கிலப் பாட்டுகளில் எதிலிருந்து தொடங்கலாம்?

தி கார்பென்டர்ஸ் 1972-ல் வெளியிட்ட "குட்பை டு லவ்". நான் யாருக்கும் முதலில் போட்டுக் காட்டுவது இதுதான்.

கார்பென்டர்ஸ் என்றால் சாந்தமான அண்ணன் தங்கை. கரென் பாடுவார், ரிச்சர்ட் பியானோ. வீட்டில் பெரியவர்கள் முன்னால் போட்டால் யாரும் சத்தத்தைக் குறைக்கச் சொல்லாத இசை. இந்தப் பாட்டும் அப்படித்தான் தொடங்குகிறது, காதலே வேண்டாம் என்று முடிவெடுத்த ஒருத்தியின் குரலில். நடுவில் திடீரென்று ஃபஸ் பெடல் போட்ட எலெக்ட்ரிக் கிட்டார் நுழைகிறது, கரகரவென்று, தொண்டை கட்டியவன் அழுவது போல. வாசித்தவர் டோனி பெலூசோ. அவர் வேறொரு குழுவில் வாசிப்பதைக் கேட்ட ரிச்சர்ட் கூப்பிட்டு அழைத்திருக்கிறார். முதலில் மெட்டை அப்படியே வாசி, பிறகு உன் இஷ்டத்துக்குப் பற என்பதுதான் சொன்ன யோசனை. சோலோவைக் கேட்டால் அந்த இரண்டு பகுதியும் தெளிவாகத் தெரியும். முதலில் கரென் பாடிய மெட்டையே கிட்டார் சொல்கிறது. அவர் அடக்கிச் சொன்னதை இது அடக்காமல் சொல்கிறது. அப்புறம் மெட்டை விட்டு ஏறிப் போய்விடுகிறது. பாட்டின் கடைசியில் கோரஸுக்கு மேலே மறுபடியும் வந்து, இம்முறை இறங்காமலே மங்கி முடிகிறது.

அன்றைய ரசிகர்கள் சிலர் கோபமாகக் கடிதம் எழுதினார்கள், கார்பென்டர்ஸும் ராக் பக்கம் சாய்ந்துவிட்டார்களே என்று. பிற்பாடு ஊரெல்லாம் வந்த "பவர் பாலட்" வகைப் பாட்டுகளுக்கு, அதாவது மென்மையான பாட்டின் நடுவே அலறும் கிட்டாருக்கு, இதுவே முன்னோடி என்று சொல்கிறவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சி.

அடுத்து, ஜெர்ரி ராஃபர்ட்டியின் "பேக்கர் ஸ்ட்ரீட்", 1978. அந்தப் பாட்டின் சாக்ஸஃபோனை உலகமே பேசியது. கடைசிப் பகுதியில் வரும் கிட்டார் சோலோ ஹியூ பர்ன்ஸ் வாசித்தது. சாக்ஸஃபோன் பக்கத்தில் நின்றதால் நிழலில் போனது.

ஸ்டீலி டான் குழுவின் "பெக்", 1977. ஒரு சின்ன சோலோவுக்காகப் பல கிட்டாரிஸ்ட்டுகளை வரவழைத்து வாசிக்க வைத்து, எதுவும் பிடிக்காமல், கடைசியில் ஜே கிரேடன் வாசித்ததை வைத்துக்கொண்டார்கள். அதே குழுவின் 1972 பாட்டு "ரீலிங் இன் தி இயர்ஸ்". அதில் எலியட் ராண்டல்.

சிகாகோ குழுவின் டெர்ரி காத். 1970-ல் வந்த "25 ஆர் 6 டு 4" பாட்டில், ஓசையை வாய் திறந்து மூடுவது போல மாற்றும் வா-வா பெடல் போட்டு அவர் வாசித்திருப்பதைக் கேளுங்கள். 1978-ல் 31 வயதில் இறந்துபோனார். அந்தக் குழு பிறகு மென்மையான காதல் பாட்டுகளுக்குப் பெயர் வாங்கியதால், அதில் இப்படி ஒரு ஆள் இருந்தார் என்பதே பலருக்கு மறந்துவிட்டது.

கடைசியாக, பொறுமை இருந்தால், ஃபங்கடெலிக் குழுவின் "மேகட் பிரெயின்", 1971. பத்து நிமிடம், கிட்டத்தட்ட முழுக்க எட்டி ஹேசலின் கிட்டார் மட்டும். உன் அம்மா இறந்துவிட்டதாகச் செய்தி வந்தால் எப்படி வாசிப்பாயோ அப்படி வாசி என்று ஜார்ஜ் கிளின்டன் சொன்னாராம். பின்னால் வாசித்த மற்றவர்களின் சத்தத்தையும் கலவையில் பெரும்பாலும் குறைத்துவிட்டார். இதை இரவில் கேட்பது நல்லது, காரில் வேண்டாம்.

பெரிய பெயர்கள் யாருமே இந்தப் பட்டியலில் வர மாட்டார்களா?

வருவார்கள். பிரின்ஸ். பாடகர், ஆட்டக்காரர், பளபள சட்டைக்காரர் என்று எல்லாமாகவும் தெரிந்தவர். 2003-ல் ஒரு பிரபல அமெரிக்கப் பத்திரிகை நூறு சிறந்த கிட்டாரிஸ்ட்டுகளைப் பட்டியலிட்டபோது அதில் அவர் பெயர் இல்லை. அடுத்த வருடம் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் விழாவில், மறைந்த ஜார்ஜ் ஹாரிசனுக்கு மரியாதை செய்யும் விதமாக "வைல் மை கிட்டார் ஜென்ட்லி வீப்ஸ்" பாடினார்கள். டாம் பெட்டி, ஜெஃப் லின், ஹாரிசனின் மகன் எல்லாரும் மேடையில். பிரின்ஸ் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். கடைசி மூன்று நிமிடம் அவரிடம் போனது. காணொளி கிடைக்கிறது, ஹாரிசனின் மகன் முகத்தில் வரும் சிரிப்பைப் பாருங்கள்.

அந்தப் பாட்டிலேயே இன்னொரு வேடிக்கை உண்டு. 1968-ல் பீட்டில்ஸ் அதைப் பதிவு செய்தபோது லீட் வாசித்தது எரிக் கிளாப்டன். உறையில் அவர் பெயர் இல்லை. கிளாப்டனுக்கே அந்த நிலை என்றால் நம் கோடம்பாக்கத்துக்காரர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

லீட் வாசிப்பவர்தான் பெரியவர், ரிதம் வாசிப்பவர் சின்னவர் என்பது சரியா?

சென்னிமலைப் பக்கம் தறியில் உட்கார்ந்தவர்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். பாவு (நீள நூல்) ஒழுங்காக இழுத்துக் கட்டாமல் ஊடையில் (குறுக்கு நூலில்) என்ன கலர் போட்டாலும் துணி நிற்காது. தாளத்தோடு கார்டு போட்டுக்கொண்டே போகும் ரிதம்தான் பாவு.

1982-ல் வந்த மைக்கேல் ஜாக்சனின் "பீட் இட்" பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சோலோ எட்டி வான் ஹேலன். காசு வாங்காமல் வாசித்துக் கொடுத்தார் என்ற கதை எல்லாருக்கும் தெரியும். பாட்டு முழுக்கத் திரும்பத் திரும்ப ஓடும் அந்த முரட்டுத் துண்டை, ரிஃப் என்பார்கள், வாசித்தது டோட்டோ குழுவின் ஸ்டீவ் லூகதர். பாட்டை முணுமுணுக்கச் சொன்னால் உங்கள் வாயில் வருவது லூகதர் வாசித்ததுதான். அதே தொகுப்பின் "பில்லி ஜீன்" பாட்டில் பேஸுக்குப் பின்னால் சின்னதாகச் சுருங்கி ஒலிக்கும் கிட்டார் டேவிட் வில்லியம்ஸ். நூறு தடவை கேட்டவர்கள்கூட அங்கே கிட்டார் இருப்பதை மறுப்பார்கள்.

நம் பக்கத்து வள்ளி கும்மியாட்டத்துக்குப் போனால் கைத்தட்டை மட்டும் கவனித்துக் கேளுங்கள். ரிதம் கிட்டாருக்கு வேண்டிய காது அங்கேயே கிடைக்கும்.

பெண் கிட்டாரிஸ்ட்டுகள் பற்றிச் சொல்லவே இல்லையே?

ஒரியாந்தியைச் சொன்னேன். ஆனால் தொடங்க வேண்டிய இடம் சிஸ்டர் ரொசெட்டா தார்ப். 1915-ல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் பிறந்தவர். தேவாலயப் பாட்டை எலெக்ட்ரிக் கிட்டாரோடு கலந்து, ராக் அண்ட் ரோல் என்ற பெயர் பரவும் முன்பே அதை வாசித்தவர். 1964-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில், பயன்பாட்டில் இல்லாத ஒரு ரயில் நிலையத்தில் தொலைக்காட்சிக்காக அவர் வாசித்த காணொளி இருக்கிறது. ரசிகர்கள் ஒரு பிளாட்பாரத்தில், இவர் எதிர்ப் பிளாட்பாரத்தில், மேலே நல்ல கோட்டு, தோளில் கிட்டார், தரையெல்லாம் மழை ஈரம். எடுத்த பாட்டு, மழை பெய்யவில்லையா என்று கேட்கும் பாட்டு. ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்த்தது 2018-ல். இறந்து 45 வருடம் கழித்து.

கரோல் கேயும் முக்கியம். "லா பாம்பா" பாட்டில் ரிதம் கிட்டார், பீச் பாய்ஸ் பதிவுகளில் பேஸ்.

"பொம்பளப் புள்ளைக்கு கிட்டார் எதுக்குங்க, வீணை சொல்லிக் குடுங்க" என்று கேட்ட ஒரு அப்பாவுக்கு ரொசெட்டாவின் காணொளியைப் போட்டுக் காட்டினேன். முழுதாகப் பார்த்தார். "சரிங்க, ஆனா சத்தமா வாசிக்க வேண்டாம்னு சொல்லுங்க" என்றார். மகள் இப்போது நன்றாகவே சத்தமாக வாசிக்கிறாள்.

வேகமாக வாசிப்பதுதானே திறமை?

திறமைதான். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்வதும் திறமைதான்.

நம் ராகங்களுக்கும் இந்த சோலோக்களுக்கும் உறவு உண்டா?

நிறைய. ராக், ப்ளூஸ் சோலோக்களில் பாதிக்கு மேல் ஐந்து ஸ்வர அளவையில்தான் ஓடும். மேஜர் பென்டடானிக் என்று அவர்கள் சொல்வது நம் மோகனம். மைனர் பென்டடானிக் என்பது சுத்த தன்யாசி. பாட்டு வகுப்புக்குப் போன பிள்ளைகள் கிட்டாருக்கு வந்தால் இந்த இடத்தில் கிடுகிடுவென்று முன்னே போய்விடுவார்கள். மற்றவர்கள் பெட்டி பெட்டியாகப் படம் வரைந்து மனப்பாடம் செய்துகொண்டிருக்கும்போது இவர்கள் பாடிக்கொண்டே தேடிப் பிடிப்பார்கள்.

கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து வளைப்பதுதான் கஷ்டம். கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த ஃப்ரெட் என்ற உலோகப் பட்டைகள் ஸ்வரங்களைக் கட்டம் கட்டி வைத்திருக்கின்றன. கம்பியைப் பக்கவாட்டில் இழுத்துத்தான் இடைப்பட்ட இடங்களுக்குப் போக முடியும். ஜான் மெக்லாஃப்லின் எழுபதுகளில் "சக்தி" குழுவில் எல்.சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோரோடு வாசித்தபோது, ஃப்ரெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குழிவாகச் செதுக்கிய கிட்டாரைப் பயன்படுத்தினார். விரலுக்கு அடியில் மரம் தட்டாததால் கம்பியை வேண்டிய மட்டும் இழுக்கலாம், வீணையில் போல.

நம் பக்கத்தில் கர்நாடக இசையை எலெக்ட்ரிக் கிட்டாரில் வாசித்த சுகுமார் பிரசாத், அவருக்குப் பின் ராணிப்பேட்டையில் பிறந்து சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த பிரசன்னா. கேரளத்து மதர்ஜேன் குழுவில் வாசித்த பைஜு தர்மஜனையும் கேட்டுவிடுங்கள். டிஸ்டார்ஷன் போட்டு ஓசையைக் கரகரப்பாக்கிய கிட்டாரில் கமகம் வந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அவர் கை நல்ல உதாரணம். பாலக்காட்டுக் கணவாய்க்கு இந்தப் பக்கம் அவருக்கு இருக்க வேண்டிய பெயர் இல்லை என்பது என் குறை.

நோம்பிக் கச்சேரிகளில் இப்போதெல்லாம் கிட்டாரையே காணோமே?

உண்மை. முன்பெல்லாம் லீட், ரிதம், பேஸ் என்று மூன்று பேர் நிற்பார்கள். இன்றைக்கு ஒரு கீபோர்டும் ஒரு ரிதம் பேடும் இருந்தால் சின்ன ஊர்க் கச்சேரி முடிந்துவிடுகிறது. கீபோர்டில் கிட்டார் டோன் இருக்கிறது, ஆள் கூலி மிச்சம். ஊர்ப் பெரியவர்களையும் குறை சொல்ல முடியாது. பந்தல், சீரியல் லைட், ஜெனரேட்டர் என்று செலவு ஏறிவிட்டது.

ஆனால் கீபோர்டு கிட்டாரில் "இளைய நிலா" தொடக்கத்தை வாசித்துப் பாருங்கள். ஸ்வரம் எல்லாம் சரியாக இருக்கும், கூட்டம் பேசிக்கொண்டே இருக்கும். கம்பியில் விரல் நகரும் அந்தச் சின்னக் கீச்சுச் சத்தம் அதில் கிடையாது. நிஜக் கிட்டாரில் எடுத்தால் முதல் வரிசையில் அம்மாக்கள் பேச்சை நிறுத்துவார்கள், பின் வரிசையில் விசில் வரும். ஏதாவது ஊரில் மேடையில் கிட்டார்க்காரர் ஒருவரைப் பார்த்தால், பாட்டுச் சீட்டில் பாடகரின் பெயரோடு "கிட்டார் பிட் முழுசா" என்று எழுதிக் கொடுங்கள். நேரம் போதாது என்று பிட்டை வெட்டித்தான் பெரும்பாலும் வாசிப்போம். கேட்டால் வெட்ட மாட்டோம்.

ஒரு சோலோவைக் காதால் பிடிப்பது எப்படி?

முதலில் கிட்டாரைத் தொடாதீர்கள். சோலோவை வாயால் பாட வரும்வரை கேளுங்கள், நடந்துகொண்டோ பாத்திரம் தேய்த்துக்கொண்டோ. பாட வந்தபிறகு, யூடியூபில் வேகத்தை முக்கால் பங்காகக் குறைத்து வைத்துக்கொண்டு, நான்கைந்து ஸ்வரமாகப் பிடியுங்கள். எந்த இடத்தில் வாய் குழறுகிறதோ அந்த இடத்தில் விரலும் குழறும். அங்கே மட்டும் திரும்பப் போங்கள். எந்தக் கம்பியில் எந்த ஃப்ரெட் என்று எண்ணில் எழுதி இணையத்தில் கிடைக்கும் டேப் தாள்களைக் கடைசியில் சரிபார்க்க வைத்துக்கொள்ளலாம். அவற்றில் தமிழ்ப் பாட்டுகளுக்கு எழுதியவை பல அரைகுறை.

முதல் கிட்டார் எதை வாங்குவது?

எலெக்ட்ரிக் சோலோ வாசிக்க ஆசை என்றாலும் பலர் அக்கூஸ்டிக்கில்தான் தொடங்குகிறார்கள். ஆம்ப் என்ற ஒலிபெருக்கிப் பெட்டியின் செலவு மிச்சம். யமஹாவின் தொடக்கநிலை மாடல்கள் போதும். இரண்டாயிரத்துக்கும் மூவாயிரத்துக்கும் கிடைப்பதை வாங்கிவிட்டு, கம்பி மரத்தைவிட்டு விரற்கடை உயரத்தில் நிற்க, விரல் வெந்து, மூன்றாம் மாதம் பரணில் போட்ட பிள்ளைகள் அதிகம். கடையில் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடைவெளியைப் பாருங்கள். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போனால் குறைத்துத் தரச் சொல்லுங்கள், முடியாது என்றால் வேறு கடை. ஆறு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் ஒரு தடவை அழுத்தித் தட்டிப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகும், கடைக்காரர் முகம் சுளித்தாலும் செய்யுங்கள். நம் பக்கத்துக் கோடையில் பூட்டிய காருக்குள் கிட்டாரை விட்டு வைத்தால், கம்பிகளைக் கீழே பிடித்திருக்கும் பிரிட்ஜ் பெயர்ந்து வந்துவிடும். வாங்கிய அன்றைக்கே, மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தும்போதுகூட, கையோடு எடுத்துக்கொண்டு இறங்குங்கள்.